சங்கு அக்காவுக்கு ஒரு வக்கீல்

மூன்றாவது வக்கீல் தன் போனை எடுத்து அந்த விளம்பரத்தை ஓடவிட்டார். ஓடி முடிவதற்குள் சிரித்துவிட்டார்.

"இதுல இருக்கறது நீங்கதானேம்மா?"

சங்கு அக்கா தலையாட்டினாள். இல்லை என்று எப்படிச் சொல்வது? கழுத்துத் தையல் தெரியாமல் நீலச் சால்வையைச் சுற்றிக்கொண்டு, மருத்துவமனையின் வெள்ளைச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவள் அவளேதான். படத்தில் அவள் வாய் அசைந்தது. போனிலிருந்து தேன் ஒழுகியது: "எனக்கு மறுவாழ்வு தந்த டாக்டருக்குக் கோடி நன்றி! சொந்த வீட்டில் இருந்ததைப் போலவே உணர்ந்தேன்!"

"கணீர்னு பேசறீங்க. குரல் போயிடுச்சுன்னு கேஸ் போடணுங்கறீங்க. இதைத் தூக்கிக்கிட்டு நான் கோர்ட்டுக்குப் போனா ஜட்ஜ் என்னைக் கேலி பண்ண மாட்டாரா?"

"அது எங்க அண்ணி குரலே இல்ல சார்!" என்று நாத்தனார் எகிறினாள். அண்ணிக்குக் குரல் போனதிலிருந்து இரண்டு பேருக்கும் சேர்த்து அவள் ஒருத்திதான் பேசிக்கொண்டிருந்தாள். அதற்கு முன்பும் அவள் ஒன்றும் குறைவாகப் பேசியவள் இல்லை.

"முகம் இவங்களுது, வாய் இவங்களுது, குரல் மட்டும் பக்கத்து வீட்டம்மாவுதா? போயிட்டு வாங்கம்மா."

முதல் வக்கீலும் இதையேதான் சொன்னார், கொஞ்சம் மரியாதையாக. இரண்டாவது ஆள் விளம்பரத்தைப் பார்க்கவே இல்லை. அறுவைக்கு முன் கையெழுத்துப் போட்டீர்களா என்று கேட்டார், போட்டேன் என்றதும் கையை விரித்துவிட்டார். மூன்று பேருக்கும் ஒரு விஷயத்தில் ஒற்றுமை. கேள்வியைச் சங்கு அக்காவைப் பார்த்துக் கேட்பார்கள், அவள் வாயைத் திறந்து காற்றும் பிசிறுமாக ஏதோ வருவதற்குள் பொறுமை போய், பதிலுக்கு நாத்தனார் பக்கம் திரும்பிவிடுவார்கள்.

அவமானத்தில் சங்கு அக்காவின் காது மடல் சூடானது. இந்த ஊர் மொத்தக் காய்கறிச் சந்தையில் ஏலம் விட்டவள் அவள். பழைய ஆலையின் சங்கு நின்று போன பிறகு விடியற்காலையில் ஊரை எழுப்பியது அவள் குரல்தான் என்று சொல்லித்தான் அந்தப் பெயர் வைத்தார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அவள் வீட்டுக்காரருக்கே சட்டென்று நினைவுக்கு வராது. தக்காளிக் கூடைகளுக்கு நடுவே மேடையில் ஏறி நின்று அவள் விலை கூவினால், கடைசி வரிசையில் லாரி இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தாலும் காதில் விழும். மைக் வாங்கித் தருகிறோம் என்று சங்கத்தில் சொன்னபோது, "எதுக்கு, உங்க காதைக் கிழிக்கவா?" என்று கேட்டவள்.

கழுத்தில் ஒரு கட்டி வந்தது. பெரிய மருத்துவமனைக்குப் போனாள். பெரிய டாக்டர் கட்டியை எடுத்தார். கண் விழித்தபோது கட்டி இல்லை, குரலும் இல்லை. "தொண்டைல குழாய் போட்டிருந்தோம், அதான். தானா வந்துடும்" என்றார் டாக்டர். வீட்டுக்கு அனுப்புகிற நாளில் விளம்பரம் எடுக்கக் கேமராவோடு வந்தார்கள். சந்தைக்கு வருகிற வியாபாரிகள் அத்தனை பேருக்கும் தெரிந்த முகம் இல்லையா, அதுதான் அவர்கள் கணக்கு. "எனக்குப் பேச்சே வரலையே" என்று சைகை காட்டினாள். "வாயை மட்டும் அசைங்கம்மா, சத்தத்தை நாங்க பார்த்துக்கறோம்" என்றார்கள். குரல்தான் வந்துவிடப் போகிறதே, நல்ல மனிதர்களிடம் முறைப்பானேன் என்று அசைத்து வைத்தாள்.

குரல் வரவில்லை. மாதக் கணக்கில் அந்த டாக்டரிடம் நடந்தாள். வெந்நீர் குடியுங்கள் என்றார். ஓய்வெடுங்கள் என்றார். கடைசியில், "சந்தைல கத்திக் கத்தித் தொண்டையைக் கெடுத்துக்கிட்டீங்க, அதுக்கு நான் என்ன பண்ண?" என்றார். வேறொரு டாக்டர் தொண்டைக்குள் கருவியை விட்டுப் பார்த்து, ஒரு பக்கக் குரல் நாண் அசையவே இல்லை, அதற்கான நரம்பு அறுவையிலேயே போயிருக்கிறது, ஏன் இவ்வளவு தாமதமாக வந்தீர்கள் என்று கேட்டார். அன்று அவள் அழுத அழுகைக்கும் சத்தம் வரவில்லை.

இதற்குள் விளம்பரம் டிவியிலும் பேருந்துகளிலும் ஓடியது. சந்தையில் அவளைப் பார்க்கிறவர்கள், "என்னக்கா, டிவில குயில் மாதிரி பேசறீங்க, எங்ககிட்ட மட்டும் மௌன விரதமா?" என்று கேட்டார்கள். ஏல மேடையை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டு அவளை எடை போடுகிற இடத்தில் உட்கார வைத்தார்கள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். தன் வாய் நன்றி சொல்லவில்லை என்பதும், தன் குரலைத் தான் கத்திக் கெடுத்துக்கொள்ளவில்லை என்பதும் எல்லோரும் கேட்க ஓரிடத்தில் வெளியே வர வேண்டும். அதற்குப் போய் நிற்கக் கோர்ட்டை விட்டால் வேறு இடம் தெரியவில்லை. கோர்ட்டுக்குள் நுழைய ஒரு வக்கீல் வேண்டும். அந்த ஒரு ஆள்தான் அகப்படவில்லை.

"விட்டுத் தொலைங்க அண்ணி" என்றாள் நாத்தனார், மூன்றாவது வக்கீலின் படியில் இறங்கும்போது. "அண்ணனும் அதைத்தான் சொல்லுது. பெரிய இடத்தோட நமக்கு என்ன மல்லுக்கட்டு?"

அப்போது வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர் தலையை நீட்டினார். "ஆஸ்பத்திரி கேஸா? எதிர்க் கட்டடத்து மாடில ஒரு வக்கீலம்மா இருக்காங்க. மத்தவங்க கை கழுவின கேஸெல்லாம் அவங்க மேஜைலதான் கிடக்கும். என்ன, காதுதான் கொஞ்சம் மந்தம்."

நாத்தனார் நடுத்தெருவில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள். "நல்லா இருக்கே! பேச முடியாதவங்களுக்குக் காது கேக்காத வக்கீலா? ரெண்டு பேரும் உக்காந்து சீட்டு விளையாடலாம்!"

சங்கு அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் தெருவைக் கடந்தாள்.

மாடி அறையில் காகிதக் கட்டுகள் நாற்காலிகளின் மேல் இருந்தன, மனிதர்கள் உட்கார ஒரு பெஞ்சு இருந்தது. வக்கீலம்மாவுக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். நரையை மறைக்கவில்லை, காதில் மாட்டியிருந்த கருவியையும் மறைக்கவில்லை. நாத்தனார் வழக்கம்போல ஆரம்பித்தாள். கட்டி வந்தது, கட்டி போனது, அண்ணன் சொன்னது, தான் அப்போதே எச்சரித்தது என்று மூச்சு விடாமல் கொட்டினாள். வக்கீலம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையைக் காதுக்குக் கொண்டுபோய்க் கருவியை அணைத்துவிட்டார்.

நாத்தனார் வாயடைத்துப் போனாள். அவள் வாழ்க்கையில் இப்படி யாரும் செய்ததில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. வலி அவங்களுக்கு, கதையும் அவங்கதான் சொல்லணும்." வக்கீலம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சங்கு அக்காவின் எதிரே முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். "சத்தம் வராட்டி பரவாயில்ல. நான் உதட்டைப் பார்த்தே புரிஞ்சுக்குவேன். சின்ன வயசுலேருந்து அப்படித்தான். நிதானமா சொல்லுங்க."

சங்கு அக்கா சொன்னாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஒரு விஷயத்தை ஆரம்பம் முதல் முடிவு வரை, யாரும் குறுக்கே பாயாமல், தானே சொன்னாள். முடிக்கும்போது இந்த அம்மாள் கேஸை எடுக்காவிட்டாலும் பரவாயில்லை என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அவ்வளவு நிம்மதி.

வக்கீலம்மா இனிப்பு பூசிப் பேசுகிற ரகம் இல்லை. "முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். இந்த அறுவைல நரம்பு அடிபடறது நல்ல டாக்டர் கையிலயும் நடக்கலாம். கையெழுத்து வாங்கும்போது அதையும் எழுதித்தான் வாங்கியிருப்பாங்க. அதை மட்டும் வச்சு கேஸ் நிக்காது."

சங்கு அக்காவின் முகம் சுண்டிப் போனது.

"இருங்க. தெரிஞ்சே மறைச்சாரா? அதுதான் கேள்வி. உடனே சொல்லி உடனே வைத்தியம் பார்த்திருந்தா உங்க குரல் எவ்வளவோ தேறியிருக்கும். வெந்நீர் குடிங்கன்னு சொல்லி அந்தக் காலத்தைக் கடத்தினாருன்னா, அது குத்தம். ஆனா அவருக்கு அப்பவே தெரியும்னு காட்டணும். எங்க, அந்த விளம்பரத்தைப் போடுங்க."

நாத்தனார் மனத்தாங்கலோடு போனை நீட்டினாள். தேன் குரல் அறையில் ஒழுகியது. வக்கீலம்மாவுக்கு அது கேட்கவில்லை, கருவிதான் அணைந்து கிடந்ததே. அவர் கண் சங்கு அக்காவின் உதட்டில் இருந்தது. ஒருமுறை பார்த்தார். போனைக் கண்ணருகே கொண்டுபோய் மறுபடி பார்த்தார்.

"இதுல அந்தக் குரல் என்ன சொல்லுது?"

"டாக்டருக்குக் கோடி நன்றின்னு" என்றாள் நாத்தனார், உதட்டை நன்றாக அசைத்து.

"உங்க அண்ணி அதைச் சொல்லலியே." வக்கீலம்மா நிமிர்ந்தார். "'என் குரல் எப்ப வரும் டாக்டர்'னு கேக்கறாங்க. இந்த இடத்துல மறுபடியும். 'எப்ப வரும்? வந்துடுமா?'"

சங்கு அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். மறந்தே போயிருந்தாள். வாயை அசைக்கச் சொன்னபோது, கேமராவுக்குப் பின்னால் கைகட்டி நின்ற டாக்டரைப் பார்த்து அவள் கேட்டது அதைத்தான். திரும்பத் திரும்பக் கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். எந்த வார்த்தையானால் என்ன, முகம் உருக்கமாக இருக்கிறது என்று படம் பிடித்தவர்கள் அதையே வைத்துக்கொண்டார்கள். உதடு ஒன்று பேச, குரல் வேறு ஒன்று பேசுகிற விளம்பரங்களைப் பார்த்தே பழகிய ஊரில் யாருக்கு அது உறுத்தும்? ஊரெல்லாம் அந்தக் குரலைக் கேட்டது. உதட்டைப் பார்த்தவர் இந்த ஒரு அம்மாள்தான்.

அவள் அழுதாள். நாத்தனாரும் அழுதாள், சத்தமாக, தன் பங்குக்கும் அண்ணி பங்குக்கும்.

"அழுது முடிச்சுட்டு வக்காலத்துல கையெழுத்துப் போடுங்க" என்றார் வக்கீலம்மா. அவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. "உதட்டைப் படிச்சேன்னு நான் சொன்னா கோர்ட் ஒத்துக்காது. ஆனா எங்க தோண்டணும்னு தெரிஞ்சுபோச்சு. உங்களுக்குப் பதிலா ஒருத்தங்க பேசியிருக்காங்க. அவங்களைப் பேச வச்சது யாரு, என்ன சொல்லிப் பேச வச்சாங்க? அதைக் கண்டுபிடிக்கறேன்."

வழக்கு பதிவானது. மருத்துவமனையின் பதில் வந்ததும் வக்கீலம்மா நாத்தனாருக்கு அதைப் படித்துக் காட்டிக் கைதட்டிச் சிரித்தார். நோயாளி வீட்டுக்குப் போகும்போது நல்ல குரலோடு போனார், அதற்கு எங்கள் விளம்பரமே சாட்சி, பிறகு சந்தையில் கூச்சலிட்டுக் குரலைக் கெடுத்துக்கொண்டார் என்று எழுதியிருந்தார்கள்.

"நாம போடவேண்டிய வலையை அவங்களே பின்னித் தந்துட்டாங்க" என்றார்.

விசாரணையன்று கோர்ட் நிரம்பி வழிந்தது. ஏலம் முடிந்த கையோடு சந்தை ஆட்கள் பாதிப் பேர் வந்து பின்வரிசையில் நின்றார்கள். உட்காருங்கள் என்று சொல்ல அங்கே நாற்காலி இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் நல்ல உயரம், நல்ல கோட்டு, நல்ல தன்னம்பிக்கை. தன் கையாலேயே விளம்பரத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். "கனம் நீதிபதி அவர்களே, இது பேச முடியாதவங்க பேசற பேச்சா?" பின்வரிசையில் யாரோ, "எங்க சங்கு இப்படிக் கொஞ்சாதுங்க!" என்று கத்த, காவலர் அவனை முறைத்தார்.

வக்கீலம்மா எழுந்து ஒரு சாட்சியைக் கூப்பிட்டார். விளம்பரக் கம்பெனியில் விசாரித்து விசாரித்து அவர் தேடிப் பிடித்த பெண். ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, பள்ளி ஆசிரியை போல இருந்தாள். கூண்டில் ஏறி உண்மையைத் தவிர வேறெதுவும் பேச மாட்டேன் என்று சொன்னதுதான் தாமதம், கோர்ட் முழுக்கச் சலசலத்தது. திரையில் ஒழுகிய அதே தேன்.

"அந்த விளம்பரத்துல பேசினது யாரும்மா?"

"நான்தாங்க. அதுதான் என் தொழில்."

"அவங்களே பேசாம உங்களை எதுக்குப் பேச வச்சாங்க?"

அந்தப் பெண் சங்கு அக்காவைப் பார்த்தாள். "ஆஸ்பத்திரி மேனேஜர்தான் போன்ல சொன்னார். 'அந்தம்மாவுக்கு நரம்பு போயிடுச்சு, இனிமே குரல் சந்தேகம்தான்னு டாக்டர் சொல்றார். இருந்தாலும் முகம் நல்ல முகம், நீங்க பேசி முடிச்சுடுங்க'ன்னார். அவங்களுக்கு இது தெரியாதுன்னு எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா அந்த வேலையை வாங்கியிருக்க மாட்டேன்."

கோர்ட் சிறிது நேரம் கலைந்தது. தாழ்வாரத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் அவர்களைத் தேடி வந்தார். தன்னம்பிக்கை சற்று கசங்கியிருந்தது. ஒரு பெரிய தொகையைச் சொன்னார். நாத்தனார் பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு நிபந்தனை. வழக்கை வாபஸ் வாங்கிடணும். இதைப் பத்தி யார்கிட்டயும் எங்கயும் பேசக் கூடாது."

"அண்ணி, வாங்கிக்கலாமே" என்று நாத்தனார் காதருகே கெஞ்சினாள். "தீர்ப்பு எப்படிப் போகும்னு யார் கண்டா?"

வக்கீலம்மா முடிவு தன்னுடையது அல்ல என்பதுபோலச் சங்கு அக்காவின் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். சங்கு அக்காவுக்குச் சிரிப்புப் பொங்கியது. சத்தமில்லாமல், தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். இருமல் வந்து நின்ற பிறகு சொன்னாள்:

"பேச முடியாம பண்ணிட்டு, பேசாம இருக்கக் காசு வேற குடுக்கறீங்களா? போங்க சார், உள்ள கூப்பிடறாங்க."

பெரிய டாக்டர் கூண்டில் ஏறினார். வக்கீலம்மா விளம்பரத்தை மறுபடி போடச் சொன்னார், இந்த முறை சத்தத்தை நிறுத்திவிட்டு. தேன் போய்விட்டது. திரையில் ஒரு பெண் மட்டும் இருந்தாள், கழுத்தில் சால்வையோடு, கேமராவுக்குப் பின்னால் யாரையோ பார்த்துக் கேட்டுக்கொண்டு. கோர்ட் மொத்தமும் அவள் உதட்டைப் பார்த்தது. உதட்டைப் படிக்கப் பழகாதவர்களுக்கும் இரண்டாம் முறை பார்த்தபோது புரிந்துவிட்டது. எப்ப வரும்? எப்ப வரும்? நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"கேமராவுக்குப் பின்னால நின்னது நீங்கதானே டாக்டர்?"

"ஆமா."

"அவங்க உங்களைத்தான் கேக்கறாங்க. அவங்க குரல் நரம்பு அறுந்துபோச்சுன்னு அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

டாக்டர் தன் வக்கீலைப் பார்த்தார். அவர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டாக்டர் கூண்டின் கட்டையைப் பார்த்துக் குனிந்து, வாய்க்குள்ளேயே ஏதோ முனகினார். வக்கீலம்மாவுக்கு அவர் உதட்டிலிருந்தே புரிந்துவிட்டது. அடுத்த கேள்விக்கு வாயைத் திறந்தார்.

அதற்குள் சங்கு அக்கா எழுந்து நின்றாள்.

"அண்ணி என்ன சொல்ல வர்றாங்கன்னா..." என்று நாத்தனார் பாதி எழுந்தாள். சங்கு அக்கா அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். நாத்தனார் உட்கார்ந்தாள். உட்கார்ந்து, வாயையும் மூடிக்கொண்டாள்.

"அந்த ஃபேனை நிறுத்துங்க" என்றார் நீதிபதி.

மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. பின்வரிசையில் சந்தை ஆட்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு காலத்தில் அவர்கள் அத்தனை பேரின் கூச்சலையும் ஒற்றைக் குரலால் அடக்கியவள், இன்று காற்றும் பிசிறுமாக வந்த இரண்டே வார்த்தையைச் சொன்னாள். கடைசிச் சுவர் வரை கேட்டது.

"கேக்கல. சத்தமா."

டாக்டரின் முகம் வெளுத்தது. நீதிபதி பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தார். டாக்டர் தலையை நிமிர்த்தினார், தொண்டையைச் செருமினார், எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்:

"தெரியும். அன்னைக்கே தெரியும். அவங்ககிட்ட சொல்லல."

நீதிபதி அதை எழுதிக்கொண்டார். சங்கு அக்கா அவர் எழுதி முடிக்கும் வரை நின்று பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.